சுதந்திர வேட்கைக்கு முப்பது வருஷ ஆயுளா?

சதுரங்கப் பலகையில் குடியானவனுக்கு இடமில்லையே என்று யாரும் குறைப்படுவதில்லை. சதுரங்கம் தன்னைச் சரித்திரம் என்று சொல்லிக்கொள்வதும் இல்லை. ஆனால் கணினித் திரையில் உலகப் படத்தை விரித்து, அரசர் பெயர், மாகாணப் பெயர், வருஷம், மாதம், தேதி முதலிய யாவற்றையும் பொறித்து, "இன்று 1444-ம் வருஷம் நவம்பர் 11-ந் தேதி, இனி இந்த ராஜ்யத்தை நீயே நடத்து" என்று வாலிபர் கையில் ஒப்படைக்கும் விளையாட்டுக்களை நாம் அவ்வளவு சுலபமாக விட்டுவிடுவதற்கில்லை. சரித்திரப் புஸ்தகத்தைப் பத்து நாழிகை படிக்கப் பொறுமையில்லாதவர்கள் இவற்றில் நூற்றுக்கணக்கான மணி நேரம் செலவிடுகிறார்கள். புஸ்தகம் சொல்லுவதை மறந்துவிடலாம். தானே ஆடிப் பழகிய விதி மனத்தில் ஊறிவிடுகிறது.

ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோம் நகரிலுள்ள பாரடாக்ஸ் என்னும் ஸ்தாபனம் இவ்வகை விளையாட்டுக்களில் பெயர் பெற்றது. அதன் 'யூரோப்பா யூனிவர்சாலிஸ்' 2000-ல் முதன்முதல் வெளிவந்தது. நான்காம் பதிப்பு 2013-ல் வந்து, பல வருஷ காலம் அநேகரை ஆட்கொண்டது. 1444 முதல் 1821 வரை அதன் காலம். பிரான்ஸையும் நடத்தலாம், விஜயநகரத்தையும் நடத்தலாம். பாமினி ராஜ்யத்துக்கும் அதில் இடமுண்டு. பால்டிக் கடல் எங்கிருக்கிறது, பொஹீமியா யாருடையது என்பதையெல்லாம் இதை ஆடியே தெரிந்துகொண்டவர்கள் உண்டு. இத்தனை பெரிய வேலையைச் செய்து முடித்தவர்களின் உழைப்பை நாம் மெச்சுகிறோம்.

இத்தகைய விளையாட்டுக்களைப் பற்றி நம்மவர் சாதாரணமாகக் கூறும் குற்றச்சாட்டு வேறு. அமெரிக்கர்களின் 'சிவிலிசேஷன்' விளையாட்டில் மகாத்மா காந்தி அணுகுண்டு வீசுவதாக மிரட்டுகிறார் என்று கோபித்துக்கொள்வார்கள். 1991-ல் வந்த முதல் பதிப்பில் நேர்ந்த கணக்குப் பிழையே அதற்குக் காரணம் என்று ஒரு கதை நெடுநாள் உலவிற்று. அப்படி ஒரு பிழையே இருந்ததில்லை என்று அதை இயற்றிய சிட் மேயர் 2020-ல் எழுதிய புஸ்தகத்தில் மறுத்துவிட்டார். பிற்காலப் பதிப்பில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்ட விகடம் அது. விகடத்தைப் பற்றி நமக்குக் கவலையில்லை. நாம் பேச வந்தது விதிகளைப் பற்றி.

யூரோப்பா நான்காம் பதிப்பில் ஒரு நாட்டை ஜெயித்துச் சேர்த்துக்கொண்டால், அந்த மாகாணத்தில் 'பிரிவினை உணர்ச்சி' என்று ஒன்று ஏற்படும். அடிப்படை விதிப்படி அதற்கு 30 வருஷ ஆயுள். வருஷம் ஒவ்வொன்று கழியக் கழிய அது தானே தேய்ந்து, முப்பதாம் வருஷ முடிவில் பூஜ்யமாகிவிடும். ஜெயித்தவன் நல்லாட்சி செய்தானா, தானியத்தைச் சுரண்டினானா என்ற கேள்வியே இந்தத் தேய்மானத்துக்குக் கிடையாது. அதற்குள் ஜனங்கள் கிளர்ந்தெழும் அறிகுறி தென்பட்டால், 'கடும் அடக்குமுறை' என்றொரு பொத்தான் இருக்கிறது. ராணுவ அதிகாரப் புள்ளிகள் சிலவற்றைச் செலவிட்டு அதை அழுத்தினால் கலக முயற்சி பின்வாங்கும். அடக்குமுறையால் மறுபடியும் துவேஷம் வளருமே என்றால், அந்தப் பொத்தானுக்கு அது தெரியாது.

இந்தக் கணக்கைச் சரித்திரத்தில் போட்டுப் பார்ப்போம். அயர்லாந்தின் வடபகுதித் தலைவர்கள் 1601-ல் கின்ஸேலில் தோற்று, 1603-ல் இங்கிலாந்துக்கு அடங்கினார்கள். விளையாட்டின் விதி உண்மையானால் 1633-க்குள் ஐரிஷ் ஜனங்கள் எல்லாவற்றையும் மறந்திருக்க வேண்டும். நடந்ததென்ன? 1641-ல் பெருங்கிளர்ச்சி, 1798-ல் மீண்டும் கிளர்ச்சி. தங்கள் நிலங்கள் பறிக்கப்பட்டு அந்நியருக்குக் குடியேற்றமாகக் கொடுக்கப்பட்டதைக் கண்ணெதிரே பார்த்தவர்களுக்கு வருஷம் ஏற ஏற ஆத்திரமும் ஏறிற்று. போர்ச்சுகல் 1580-ல் ஸ்பெயின் மன்னருக்கு உட்பட்டது. அறுபது வருஷம் சென்றபின் 1640-ல் விடுபட்டது. விளையாட்டு முடியும் 1821-க்கு அப்பால் நமது தேசத்தின் கதையை எடுத்துக்கொண்டாலும், பிளாசி யுத்தம் 1757-ல், அதற்குச் சரியாக நூறு வருஷம் கழித்து 1857, சுதந்திரம் 1947-ல். நூற்றுத் தொண்ணூறு வருஷத்தில் வேட்கை தேயவில்லை.

நேரடியாகச் சேர்த்துக்கொள்ளாமல் கீழ்ப்படுத்தி வைத்திருக்கும் நாடுகளுக்கு வேறொரு கணக்கு உண்டு. அதற்கு இட்டிருக்கும் பெயரே 'சுதந்திர வேட்கை'. நூற்றுக்கு இத்தனை என்று அதை எண்ணிக் காட்டுகிறார்கள்! ஐம்பதுக்கு மேற்பட்டால் அந்த நாடு விசுவாசமற்றதாகிவிடும். இந்த எண் எதனால் ஏறும்? கீழ்நாட்டின் பலம் மேல்நாட்டின் பலத்தோடு ஒப்பிடும்படி வளர்ந்தால் ஏறும். கடல் கடந்த குடியேற்ற நாடானால் தீர்வையை உயர்த்தினாலும் ஏறும். 1776-ல் அமெரிக்கர் செய்ததை இந்தத் தீர்வை விதி ஓரளவு சரியாகவே பிடித்திருக்கிறது. அதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வேட்கை கொள்வது யார்? அந்த நாட்டு அரசாங்கம். ஜனங்கள் அல்ல. சிப்பாயும் பொக்கிஷமும் இல்லாதவனுக்குச் சுதந்திர வேட்கையும் குறைவு என்பதே இதன் தாத்பரியம். 1930-ம் வருஷம் மார்ச் 12-ந் தேதி 78 தொண்டர்களோடு சபர்மதியிலிருந்து புறப்பட்டு, 240 மைல் நடந்து, ஏப்ரல் 6-ந் தேதி தண்டிக் கடற்கரையில் ஒரு பிடி உப்பை எடுத்தவரின் பலத்தை இந்தக் கணக்குப்பிள்ளை எந்தப் பத்தியில் பதிவு செய்வான்?

வியாபாரத்திலும் இதே கோணல் இருக்கிறது. உலகமெங்கும் வியாபாரத் துறைகளைக் குறித்து, அவற்றை வாய்க்கால்களால் இணைத்திருக்கிறார்கள். வாய்க்காலில் செல்வம் ஒரே திசையில்தான் பாயும். திருப்பிவிட யாராலும் முடியாது. கடைசியில் எல்லாம் போய்ச் சேரும் இடங்கள் மூன்றே: வெனிஸ், ஜெனோவா, இங்கிலீஷ் கால்வாய். ஐரோப்பாவையே ஜெயித்துவிட்ட சீனச் சக்கரவர்த்திகூட வெனிஸிலிருந்து ஒரு காசைக் கிழக்கே இழுக்க முடியாது. மலாக்காவின் சரக்கு மேற்கே பாயும். சோழமண்டலக் கரையிலிருந்து மலாக்காவுக்குப் பாய வழியே கிடையாது. உண்மையிலோ, நமது கரையின் துணிதான் கிழக்கே மசாலைத் தீவுகளில் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் பண்டமாற்றாகச் சென்றது. அதைத் தெரிந்துகொண்டுதானே டச்சுக்காரர் பழவேற்காட்டுக்கு வந்து 1613-ல் கெல்திரியாக் கோட்டையை நிறுவினார்கள்? 1511-ல் மலாக்காவைப் பிடித்த போர்ச்சுகீசியர் அங்கிருந்த நினா சாத்து என்ற தமிழ் வியாபாரியைப் பெந்தஹாராப் பதவியில் அமர்த்தினார்களே, அவர் எந்த வாய்க்கால் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தார்? 1545-ல் பொத்தோசி மலையில் கண்ட வெள்ளியில் பெரும் பங்கு ஐரோப்பா வழியாகவும் மணிலா வழியாகவும் ஆசியாவுக்கு வந்ததை உலகம் அறியும்.

இதற்கெல்லாம் விளையாட்டை இயற்றுவோர் ஒரு சமாதானம் சொல்லக்கூடும். "ஆடுகிறவன் ராஜ்யம் கட்ட வருகிறான். ஜெயித்த நாடெல்லாம் என்றைக்கும் அடங்காமல் நின்றால் அவன் சலித்துப் போவானே?" இது நியாயமான கேள்வியே. ஆனால் இதை நீண்ட நாள் ஆடியவர்கள் முதலில் சொல்லும் குறை என்ன? முதல் நூறு நூற்றைம்பது வருஷம் பரபரப்பாக இருக்கிறது. அதன் பின் எதிர்ப்பார் இல்லை. பூமிப் படத்துக்குச் சாயம் பூசுவதுதான் வேலை என்று அவர்களே சலித்து, 1821-ஐ எட்டாமல் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். சலிப்பு எங்கிருந்து வந்தது? ஸ்பெயினை எண்பது வருஷம் வருத்தியது நெதர்லாந்து. பெரிய ராஜ்யங்களை உள்ளேயிருந்து அரித்த அந்தச் சக்திக்கு முப்பது வருஷத்தில் ஆயுளை முடித்துவிட்டு, பிறகு எதிரி இல்லையே என்று ஏங்குவானேன்? சரித்திரத்துக்குச் செய்த பிழையே விளையாட்டின் சுவையையும் கெடுத்திருக்கிறது.

இவர்கள் திருந்தாதவர்கள் என்று நாம் சொல்லவில்லை. நான்காம் பதிப்பின் ஆரம்ப விதியில் இந்தியரும் சீனரும் ஆப்பிரிக்கரும் ஒவ்வொரு கலை நுட்பத்தையும் கற்க ஐரோப்பியரைவிட அதிக விலை கொடுக்க வேண்டும். அந்தத் தளை நீங்க 'மேனாட்டு மயமாதல்' ஒன்றே வழி. இந்த விதியை 2016-ல் அவர்களே எடுத்துவிட்டு, புது ஸ்தாபனங்கள் ஓரிடத்தில் தோன்றி மற்ற இடங்களுக்குப் பரவும் முறையை வைத்தார்கள். அவர்களுடைய 'விக்டோரியா'விலும், 2010-ல் வந்த இரண்டாம் பதிப்பு தேசங்களை நாகரிகமுள்ளவை, நாகரிகமற்றவை என்று கூசாமல் பிரித்தது. 2022-ல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்தச் சொல் போய், வல்லரசுகளால் 'அங்கீகரிக்கப்படாதவை' என்ற சொல் வந்தது. பார்வை யாருடையது என்பதையாவது அது ஒப்புக்கொள்கிறது.

2025 நவம்பரில் யூரோப்பாவின் ஐந்தாம் பதிப்பு வெளிவந்தது. அது 1337-ல் தொடங்குகிறது. ஜனங்களை வகுப்பு, மதம், பண்பாடு வாரியாகத் தலை எண்ணுகிறது. வியாபாரமும் ஒரே திசை வாய்க்காலை விட்டு, சந்தைக்குச் சந்தை சரக்காகப் போகிறது. சோழமண்டலத் துணியைக் கிழக்கே அனுப்ப வழி பிறந்திருக்கிறது. எண்ணப்பட்ட அந்தத் தலைகளுக்கு ஞாபகசக்தியையும் கொடுக்க வேண்டும் என்பது நமது கோரிக்கை. நாட்டை ஜெயித்தவுடன் முப்பது என்று எழுதி வருஷத்துக்கு ஒன்றாகக் கழிப்பதற்குப் பதிலாக, வாங்கிய வரிக்கும் பறித்த நிலத்துக்கும் அழுத்திய பொத்தானுக்கும் தக்கபடி அந்த எண் ஏறவும், பிரஜைகளுக்கு உரிமை கொடுத்தபோது மட்டும் இறங்கவும் விதி செய்யட்டும்.