உக்ரைன் அகதிகளும் பிரித்தானிய விசாத் தாமதமும்

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது முழு அளவிலான படையெடுப்பைத் தொடங்கியது. அடுத்த பத்து நாட்களில் போலந்துக்குள் மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நுழைந்தனர். உக்ரைனியரின் பயோமெட்ரிக் கடவுச்சீட்டுக்கு 2017 முதலே ஐரோப்பிய ஒன்றியம் 90 நாள் விசா விலக்கு அளித்திருந்தது. மார்ச் 4 அன்று, 2001இல் இயற்றி அதுவரை ஒருமுறைகூடப் பயன்படுத்தாதிருந்த தற்காலிகப் பாதுகாப்பு ஆணையையும் அது நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இதன்படி வந்தவர்களை முதலில் ஏற்றுக்கொண்டு, பதிவைப் பின்னர் செய்துகொள்ளலாம். அயர்லாந்தும் படையெடுப்பின் மறுநாளே விசாத் தேவையை நீக்கியது.

பிரித்தானியா வேறு வழியைத் தேர்ந்தது. விசா பெற்ற பிறகே நாட்டுக்குள் வர வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. பாதுகாப்புச் சோதனை அவசியம் என்று உள்துறை அமைச்சர் பிரீத்தி படேல் வாதிட்டார். இது வெறும் சாக்கு அன்று. 2018இல் சாலிஸ்பரி நகரில் நடந்த நஞ்சுத் தாக்குதலை அந்நாடு மறந்திருக்கவில்லை. ஆனால் சோதனை வேண்டுமா என்பதைவிட, அதை எந்த இடத்தில் செய்வது என்பதே இங்கு முக்கியமான கேள்வி.

மார்ச் 4 அன்று தொடங்கிய குடும்பத் திட்டத்தில், பிரித்தானியாவில் உறவினர் உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்தது. கைரேகை பதிய விசா மையத்துக்கு நேரில் செல்ல வேண்டும். பிரான்சின் கலே துறைமுகம் வரை வந்துவிட்டவர்கள், கடலுக்கு அப்பால் சுமார் 33 கி.மீ. தொலைவில் இங்கிலாந்து இருந்தும், பாரிசுக்கோ பிரஸ்ஸல்சுக்கோ போகும்படி திருப்பி அனுப்பப்பட்டனர். மார்ச் 7 நிலவரப்படி வழங்கப்பட்ட விசாக்கள் சுமார் 300 மட்டுமே. ஆளுங்கட்சி உறுப்பினர்களே நாடாளுமன்றத்தில் அதிருப்தி தெரிவித்தனர்.

மார்ச் 15 முதல் உக்ரைன் கடவுச்சீட்டு உள்ளவர்கள் இணையத்திலேயே விண்ணப்பித்து, கைரேகையை வந்து சேர்ந்த பின் பதியலாம் என விதி மாற்றப்பட்டது. முன்பு இயலாது எனப்பட்டது சில நாட்களில் இயன்றது. கடவுச்சீட்டு இல்லாதவர்கள் மட்டும் தொடர்ந்து மையங்களுக்கே செல்ல வேண்டியிருந்தது.

மார்ச் 18 அன்று "ஹோம்ஸ் ஃபார் உக்ரைன்" திட்டம் விண்ணப்பங்களை ஏற்கத் தொடங்கியது. தம் வீட்டில் இடமளிப்போருக்கு மாதம் 350 பவுண்டு நன்றித்தொகை உண்டு. மக்களின் ஆதரவு பெரிது. விசாக்கள்தாம் மெதுவாக வந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனி விசா என்பதால், தாய்க்கு அனுமதி கிடைத்தும் ஒரு குழந்தைக்குக் கிடைக்காமல் குடும்பம் முழுவதும் காத்திருந்த நிகழ்வுகள் உண்டு. ஏப்ரல் 8 அன்று படேல் தாமதத்துக்காக மன்னிப்புக் கேட்டார்.

காலப்போக்கில் இவ்விரு திட்டங்களின் வழியே 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பிரித்தானியா வந்தனர். 2024 பிப்ரவரியில் குடும்பத் திட்டம் மூடப்பட்டது. முதலில் வந்தவர்களின் மூன்றாண்டு அனுமதி 2025 முதல் முடியத் தொடங்கியதால், 18 மாத நீட்டிப்புக்கு அவர்கள் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று.