கனிமணமும் அணிவோர் இயல்பும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புறச் சிற்றூர்களில் பலா பழுக்கும் பருவத்தின் மணத்தை அறியாதார் இலர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வகுக்கப்பட்ட மாநில எல்லை அம்மணத்தைத் தடுப்பதில்லை. ஆண், பெண் என்னும் வரம்பும் அதற்கு இல்லை.

ஆயினும், கனிமணம் பூசிய இளைஞனை நகையாடுவோர் உளர். இது பொருந்துமா? வாசனைப் பொருள்களை ஆடவர்க்கென்றும் மகளிர்க்கென்றும் பிரிப்பது வணிகர் வழக்கேயன்றி மணத்தின் இயல்பன்று. சந்தனத்தை நாம் இருபாலாரும் பூசுகின்றோம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜெர்மனியின் கொலோன் நகரில் யோகான் மரியா ஃபரீனா எலுமிச்சை, ஆரஞ்சு முதலிய கனித்தோல் எண்ணெய்களால் ஆக்கிய நறுநீரையும் இருபாலாரும் விரும்பினர். அமெரிக்காவில் 1994இல் வெளிவந்த 'சி.கே. ஒன்' இருபாலார்க்கும் பொது என்றே விற்கப்பட்டது.

எலுமிச்சை இனக் கனிகளின் எண்ணெய் தோலில் உள்ளது, அதைப் பிழிந்தெடுக்கலாம். வாழை, பலா போன்றவற்றின் சதையினின்று எண்ணெய் பெறுதல் எளிதன்று. ஆதலின், எஸ்டர் எனப்படும் வேதிப்பொருள்களை ஆய்வுக்கூடத்தில் ஆக்கி அம்மணத்தைக் கூட்டுகின்றனர். வாழைமணத்திற்கு முதன்மையானது ஐசோஅமைல் அசிடேட்.

இனி, இம்மணம் யாருக்குப் பொருந்தும்? எலுமிச்சை மணம் விரைவில் ஆவியாவது. உற்சாகமாகத் தோன்றிப் பிறரை நெருக்காமல் விலகுவது. கலகலப்பாகப் பழகி, பலரிடையே பணிபுரிவோர்க்கு அது ஏற்றது. பலாவை ஒத்த இனிய மணமோ வெப்பத்தில் திகட்டும். அதை விரும்புவோர்க்கு அடக்கம் வேண்டும். மணம் குணத்தைத் தருவதில்லை. நாம் பூசும் அளவே நம் குணத்தைக் காட்டும். நெரிசல் மிகுந்த பேருந்தில் அடுத்திருப்பவர் முகம் சுளியாதவாறு மணிக்கட்டில் ஒரு துளி பூசுதல் போதும்.