வெந்நீரும் அரசு மானியமும்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே சென்றால் கல்வராயன் மலை குறுக்கிடும். இது கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. சின்னக் கல்வராயன் எனப்படும் பகுதி சுமார் 800 மீட்டர் உயரமும், பெரிய கல்வராயன் சுமார் 1,200 மீட்டர் உயரமும் கொண்டவை. தரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் மேலே சென்றால் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்று புவியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆகவே சமவெளியில் உள்ள ஊரைவிட மலைமேல் உள்ள ஊர் நான்கைந்து டிகிரி குளிர்ச்சியாக இருப்பதில் வியப்பில்லை. மார்கழி, தை மாதங்களில் அங்கே சிறு குழந்தைகளையும் முதியவர்களையும் பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொல்ல முடியாது. வெந்நீர் போட்டே ஆக வேண்டும்.

வெந்நீர் போடுவது சாதாரண வேலைதானே, இதில் அறிவியல் என்ன, அரசாங்கம் என்ன என்று கேட்கிறீர்களா? உலகின் பல நாடுகளில் வீட்டைச் சூடாக்கவும் நீரைச் சூடாக்கவும் உதவும் ஒரு கருவிக்கு அரசுகள் பெருந்தொகையை மானியமாகக் கொடுக்கின்றன. அந்தக் கருவியின் பெயர் வெப்பப் பம்பு. அது எப்படி வேலை செய்கிறது? அதற்கு ஏன் மானியம்? நம் ஊருக்கு அது பொருந்துமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஐந்து வாளி வெந்நீர்

முதலில் ஒரு சிறு கணக்கு. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர் வேண்டும். ஒரு வாளிக்கு 20 லிட்டர் என்றால் மொத்தம் 100 லிட்டர். தண்ணீர் 20 டிகிரியில் இருக்கிறது. அதை 45 டிகிரிக்குக் கொண்டு வர வேண்டும். ஒரு கிலோ நீரின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்த 1 கிலோ கலோரி, அதாவது சுமார் 4.2 கிலோ ஜூல் தேவை. எனவே 100 கிலோ நீரை 25 டிகிரி உயர்த்த 2,500 கிலோ கலோரி தேவை.

இந்த 2,500 கிலோ கலோரியை எங்கிருந்து பெறுவது?

விறகிலிருந்து பெறலாம். ஒரு கிலோ காய்ந்த விறகு எரிந்தால் ஏறத்தாழ 3,500 கிலோ கலோரி வெளிப்படும். ஆனால் மூன்று கல் வைத்த அடுப்பில் அதில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குள் போகிறது. மீதி காற்றோடும் புகையோடும் போய்விடுகிறது. ஆகவே நமக்குச் சுமார் 7 கிலோ விறகு வேண்டும்.

சமையல் எரிவாயு ஒரு கிலோவுக்குச் சுமார் 11,000 கிலோ கலோரி தரும். நல்ல அடுப்பில் அதில் 60 விழுக்காட்டுக்கு மேல் பயன்படும். ஆகவே 400 கிராமுக்கும் குறைவான எரிவாயு போதும்.

மின்சாரத்தில் 1 யூனிட் என்பது 860 கிலோ கலோரிக்குச் சமம். கம்பிச்சுருள் உள்ள சாதாரண மின் ஹீட்டரைப் போட்டால் சுமார் 2.9 யூனிட் செலவாகும். இதைவிடக் குறைக்க முடியாது என்றுதான் தோன்றும். ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்பது விதி ஆயிற்றே! ஆனால் வெப்பப் பம்பு இதே வேலையைச் சுமார் 1 யூனிட்டில் முடித்துவிடுகிறது. விதியையும் அது மீறுவதில்லை.

வெப்பத்தையும் இறைக்கலாம்

கிணற்றிலிருந்து வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை. கீழே இருக்கும் தண்ணீரை மேலே தள்ளுகிறது; அவ்வளவுதான். வெப்பப் பம்பும் அப்படித்தான். அது வெப்பத்தை உண்டாக்குவதைவிட, வெளியே இருக்கும் வெப்பத்தை எடுத்து உள்ளே தள்ளும் வேலையையே பெரிதும் செய்கிறது.

20 டிகிரிக் காற்றில் ஏது வெப்பம் என்று எண்ண வேண்டாம். பனிக்கட்டியைவிடக் குளிர்ந்த காற்றிலும் வெப்ப ஆற்றல் உண்டு. அது தானாகக் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்குப் போகாது. போக வைக்க வேலை செய்ய வேண்டும்.

இந்தக் கருவியில் மிகக் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் ஒரு திரவம் குழாய்களில் சுற்றி வருகிறது. வெளிக்காற்று படும் குழாயில் அது காற்றின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு ஆவியாகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் அழுத்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சூடாவதை உணர்ந்திருப்பீர்கள். அதேபோல அழுத்தப்பட்ட ஆவியும் சூடாகிறது. சூடான ஆவி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியுள்ள குழாயில் தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகிறது. பிறகு ஒரு குறுகலான வால்வு வழியாகச் சென்று, அழுத்தம் குறைந்து, குளிர்ந்து, பழையபடி வெளிக்குழாய்க்கு வந்து சேர்கிறது.

இது எங்கோ பார்த்ததுபோல் இருக்கிறதல்லவா? ஆம். வீட்டு ஃபிரிட்ஜும் ஒரு வெப்பப் பம்புதான். உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. அதனால்தான் அதன் பின்புறமோ பக்கவாட்டோ வெதுவெதுப்பாக இருக்கிறது.

கம்ப்ரசர் 1 யூனிட் மின்சாரத்தைச் செலவிட்டு, காற்றிலிருந்து 2 யூனிட் வெப்பத்தை இழுத்து வருகிறது. மொத்தம் 3 யூனிட் வெப்பம் தண்ணீருக்குக் கிடைக்கிறது. வெளிக்காற்றுக்கும் வெந்நீருக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு குறையக் குறைய இந்த ஆதாயம் கூடும். எனவே உறைபனி பெய்யும் நாட்டைவிட நம் நாட்டுக் காற்றில் வெப்பப் பம்பு எளிதாகவே வேலை செய்யும்.

இது புதிய எண்ணம் அன்று. குளிரூட்டும் எந்திரத்தால் கட்டடங்களைச் சூடாக்கவும் முடியும் என்று வில்லியம் தாம்சன் 1852-இல் எடுத்துக் காட்டினார். பின்னாளில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்றவர் இவரே. 1938-இல் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் லிம்மாத் ஆற்று நீரிலிருந்து வெப்பத்தை எடுத்து நகர மன்றக் கட்டடத்தைச் சூடாக்கினார்கள்.

அரசுக்கு இதில் என்ன அக்கறை?

அடுத்த மாவட்டத்தில் உள்ள நெய்வேலி அனல்மின் நிலையத்தைப் பற்றி அறிவீர்கள். அனல்மின் நிலையத்தில் பழுப்பு நிலக்கரியோ நிலக்கரியோ எரிந்து வெளிவரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அரும்பாடுபட்டுப் பெற்ற அந்த மின்சாரத்தைக் கம்பிச்சுருளில் விட்டு மறுபடி வெறும் வெப்பமாக்குவது வீண் செலவு. வெப்பப் பம்போ இழந்த இரண்டு பங்கையும் காற்றிலிருந்து மீட்டுத் தருகிறது. எரிபொருள் மிச்சமாகிறது; கரியமில வாயு குறைகிறது. இந்தப் பயன் கருவியை வாங்கியவருக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் சேர்கிறது.

ஆனால் கருவியின் விலை அதிகம். ஒரு கணக்குக்காக, சாதாரண ஹீட்டரைவிட இதன் விலை 40,000 ரூபாய் கூடுதல் என்றும், மின்சாரம் யூனிட்டுக்கு 6 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 2 யூனிட் மிச்சம் என்றால் 12 ரூபாய். ஆண்டில் 300 நாள் வெந்நீர் போடும் வீட்டில் 3,600 ரூபாய் மிச்சமாகும். போட்ட பணம் திரும்பப் பதினொரு ஆண்டுகள் ஆகும். அத்தனை காலம் யார் காத்திருப்பார்கள்? அரசு பாதித் தொகையைக் கொடுத்தால் ஐந்தரை ஆண்டுகளில் பணம் திரும்பிவிடும். அப்போது வாங்குபவர்கள் கூடுவார்கள். எல்லாருக்கும் கிடைக்கும் பயனுக்கு எல்லாருடைய வரிப்பணத்திலிருந்து ஒரு பங்கு கொடுப்பதே மானியத்தின் தத்துவம்.

பிரிட்டனில் இதற்காக 2022-இல் 5,000 பவுண்டு உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. 2023 அக்டோபரில் அது 7,500 பவுண்டாக உயர்ந்தது. அமெரிக்காவில் 2023 முதல் விலையில் 30 விழுக்காடு, அதிக அளவாக 2,000 டாலர், வரியில் கழிக்கப்பட்டது. அந்தச் சலுகை 2025 இறுதியோடு முடிந்தது. அங்கெல்லாம் மாதக்கணக்கில் வீடு முழுவதையும் சூடாக்க வேண்டியிருப்பதால், மிச்சமாகும் ஆற்றலும் மிக அதிகம்.

இனி அதே கருவியைக் கல்வராயன் மலையில் ஒரு வீட்டில் வைப்போம். அங்கே கட்டாயமாக வெந்நீர் வேண்டியது அறுபது நாள் என்று கொண்டால், ஆண்டுக்கு மிச்சம் 720 ரூபாய். 40,000 ரூபாய் திரும்ப ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆகும்! அதற்குள் கருவியே தேய்ந்துவிடும். கருவி அதேதான், அறிவியலும் அதேதான். ஆனால் இடம் மாறியதும் கணக்கு மாறிவிட்டது.

நம் நாட்டில் நடந்தது

நம் நாட்டில் அரசு இதே கணக்கை வேறு கருவிகளுக்குப் போட்டது. 2010-இல் தொடங்கிய தேசிய சூரிய ஆற்றல் இயக்கத்தின்கீழ், வெயிலில் நீரைச் சூடாக்கும் கருவிக்குப் பொதுவாக 30 விழுக்காடு மானியம் கிடைத்தது. 2014-இல் அது நிறுத்தப்பட்டது.

2024 பிப்ரவரியில் வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு அமைக்கும் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்தது. ஒரு கோடி வீடுகள் அதன் இலக்கு. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம் என்று வகுத்தார்கள். 1 கிலோவாட் தகடு நம் வெயிலில் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அதற்குச் சுமார் 100 சதுர அடி நிழலில்லாத கூரை வேண்டும். கள்ளக்குறிச்சி நகரில் மாடி வீடு வைத்திருப்பவருக்கு இது நல்ல திட்டம்.

ஆனால் கவனியுங்கள். தகடுகளை அமைத்து முடித்த பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை பணம் கட்டச் சேமிப்போ கடன் பெறும் வசதியோ வேண்டும். தகட்டைத் தாங்கும் உறுதியான கூரையும் வேண்டும். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களில் கூரை வீட்டிலோ ஓட்டு வீட்டிலோ இருப்பவர் என்ன செய்வார்? மாதத்துக்குச் சில பத்து யூனிட் மட்டுமே செலவழிக்கும் வீட்டில் மிச்சம் பிடிக்கத்தான் என்ன இருக்கிறது? மானியம் எல்லாருக்கும் பொது. ஆனால் கூரை பொது அன்று.

தமிழக அரசு 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டம் இந்தச் சிக்கலை வேறு விதமாக அணுகியது. 300 சதுர அடியில் கான்கிரீட் வீட்டையே அரசு செலவில் கட்டி, அதில் சூரிய ஆற்றலில் எரியும் ஐந்து விளக்குகளையும் பொருத்தித் தந்தார்கள்.

எரிவாயு காட்டும் பாடம்

விறகடுப்பை மாற்றும் முயற்சியில் இன்னொரு பாடம் இருக்கிறது. 2007-இல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பையும் அடுப்பையும் இலவசமாகத் தரத் தொடங்கியது. 2016 மே 1 அன்று மத்திய அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கியது. இணைப்பு ஒன்றுக்கு 1,600 ரூபாய் உதவி அளிக்கப்பட்டது. இன்று நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள் அதன்வழி இணைப்புப் பெற்றிருக்கின்றன.

அடுப்பு வந்தது, ஆனால் பல வீடுகளில் விறகும் தொடர்ந்து எரிந்தது. ஏன்? வெப்பப் பம்புக்கு முதற்செலவு அதிகம், அன்றாடச் செலவு குறைவு. எரிவாயுவுக்கோ முதற்செலவு குறைவு, அன்றாடச் செலவு அதிகம். தீர்ந்த சிலிண்டருக்கு மறுபடி பணம் வேண்டும். விறகுக்கோ கையில் காசு வேண்டாம். உழைப்பு மட்டும் போதும். அந்த உழைப்பு பெரும்பாலும் பெண்களுடையது. சில வீடுகளில் உங்கள் வயதுப் பெண்பிள்ளைகளுடையது. அடுப்புப் புகையைச் சுவாசிப்பவர்களும் அவர்களே.

இதை உணர்ந்துதான் 2022 மே மாதம் உஜ்வலா குடும்பங்களுக்கு 14.2 கிலோ சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் 200 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டது. 2023 அக்டோபரில் அது 300 ரூபாயாக உயர்ந்தது. ஒரே முறை கொடுத்தால் போதாது, எரியும்போதெல்லாம் கொடுக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

ஆகவே ஒரு மானியம் நல்லதா என்று ஆராய அதன் தொகையை மட்டும் பார்த்தால் போதாது. இந்தக் கருவிக்குச் செலவு எங்கே விழுகிறது, முதலிலா அன்றாடமா? மிச்சம் யாருக்குக் கிடைக்கிறது? மீதிப் பணத்தை யாரால் போட முடியும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை கண்டால்தான், உதவி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகிறதா என்று தெரியும்.

நீங்களே செய்து பாருங்கள்

1. உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வாளி வெந்நீர் செலவாகிறது? வெப்பமானி கொண்டு தண்ணீரின் முதல் வெப்பநிலையையும் குளிக்கும் வெப்பநிலையையும் அளந்து, தேவையான கிலோ கலோரியைக் கணக்கிடுங்கள்.

2. வெந்நீர் அடுப்புக்கு வைக்கும் விறகை ஒரு வாரம் எடை போட்டு எழுதுங்கள். தண்ணீருக்குச் சென்ற வெப்பம், விறகு தந்த வெப்பத்தில் எத்தனை விழுக்காடு?

3. அடுப்பை மாற்றிய ஒரு குடும்பத்தாரிடம் முதற்செலவு எவ்வளவு, மாதச் செலவு எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். அரசு உதவி எந்தச் செலவுக்குக் கிடைத்தது? எந்தச் செலவுக்குக் கிடைத்திருந்தால் அவர்களுக்குக் கூடுதல் பயனாக இருந்திருக்கும்? உங்கள் விடையை வகுப்பில் மற்றவர்களின் விடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.