உடையாமல் நழுவிவரும் நீர்க்கட்டி

அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் ஆட்டு மந்தைகளைக் காக்கும் நாய்களின் குடலில் ஒரு நாடாப்புழு வாழ்கிறது. நெல்மணி அளவுக்கு மேல் வளராது. நாயின் மலத்தோடு வெளியேறும் அதன் முட்டை, அழுக்குக் கை வழியாகவோ கழுவாத கீரை வழியாகவோ குழந்தையின் வயிற்றுக்குள் போய்விடும். முட்டையிலிருந்து வெளிவரும் புழுக்கரு பெரும்பாலும் கல்லீரலில் தங்கும். இந்தத் தொற்று உள்ளவர்களில் நூற்றில் ஓரிருவருக்கு மட்டும் மூளைக்கே ஏறிவிடுகிறது.

அங்கே அது நீர்க்கட்டியாகச் சத்தமில்லாமல் வளரும். தலைவலி, வாந்தி, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி என்று குழந்தையைக் கூட்டிவந்து சி.டி. ஸ்கேன் எடுத்தால், தெளிந்த நீர் நிறைந்த வழவழப்பான உருண்டை தெரியும். சுற்றிலும் வீக்கம் அநேகமாக இருக்காது.

ஊசியால் நீரை உறிஞ்சிவிடலாமே?

அதில்தான் ஆபத்து. கட்டி கிழிந்தால் உள்ளிருக்கும் புழுக்கருக்கள் சிதறிப் புதிய கட்டிகள் முளைக்கும். கடும் ஒவ்வாமையால் உயிரே போகலாம்.

1929-இல் அர்ஜென்டினாவின் அறுவை மருத்துவர் டௌலிங் காட்டிய வழி அழகானது. மண்டையோட்டை அகலமாகத் திறந்து, தலையைத் தாழ்த்தி, கட்டிக்கும் மூளைக்கும் நடுவே மெல்லிய குழாயைச் செருகி வெதுவெதுப்பான உப்புநீரைச் செலுத்துவார்கள். உப்புநீர் பின்னாலிருந்து தள்ள, காகிதம்போல் மெல்லிய சுவருடைய கட்டி தன் எடையாலும் நழுவி, கீழே ஏந்திய பாத்திரத்தில் முழுசாக வந்து விழும். உருகுவே மருத்துவர்கள் 1955-இல் இதை மேலும் செம்மைப்படுத்தினார்கள். இன்றும் இதே முறைதான். அதன்பின் வழக்கமாகச் சில மாதங்களுக்கு அல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மாத்திரை.