தொற்றுநோய்க் காலத்தில் தனியே கடல் கடப்போர்க்கு

நம் திருநெல்வேலிச் சீமை ராயகிரியில் ஒரு வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால், அவர் வாய் திறந்து சொல்லுமுன்பே முகவாட்டத்தைக் கண்டு நெற்றியில் கைவைத்துப் பார்க்கத் தாய் இருக்கிறாள்; நொய்க்கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் கொண்டுவர அடுத்த வீட்டுச் சித்தி இருக்கிறாள்; சங்கரன்கோவிலுக்கு அழைத்துச் சென்று, "இவனுக்கு அந்த ஊசி ஒத்துக்கொள்ளாது, டாக்டர்" என்று எடுத்துச் சொல்ல அண்ணன் இருக்கிறான். இம்மூவரும் இல்லாத தேசத்திற்கு, கல்வியின் பொருட்டோ உத்தியோகத்தின் பொருட்டோ, கொள்ளைநோய் பரவியிருக்கும் வேளையில் தன்னந்தனியாகப் புறப்படுகிறவர், அம்மூவர் செய்யும் பணிகள் அனைத்துக்கும் ஊரைவிட்டுக் கிளம்புமுன்பே ஏற்பாடு செய்துகொண்டாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் சாரம்.

தூத்துக்குடி கற்பித்த பாடம்

திருநெல்வேலிச் சீமையார்க்கு இவ்விஷயம் புதியது அன்று. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் முன்னோர், தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறையிலும் மண்டபத்திலும் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம்களில் நாட்கணக்கில் தங்கவைக்கப்பட்டு, அம்மை குத்தப்பெற்று, நோயில்லை என்று தெரிந்த பின்னரே கப்பலேறினர். பின்னர் நம் காலத்தில், 2020 மார்ச் 11-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்த சில நாட்களிலேயே பன்னாட்டுப் பயணிகள் விமானங்களை இந்தியா நிறுத்திவிட, அந்நிய தேசங்களில் சிக்கிக்கொண்டோர் பலர். அவர்களுள் ஏறக்குறைய 700 பேரைக் கொழும்பிலிருந்து ஏற்றிக்கொண்டு ஜலாஷ்வா என்னும் கடற்படைக் கப்பல் ஜூன் 2-ஆம் தேதி தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்தது. வழக்கமான விமானப் போக்குவரத்து மீண்டும் தொடங்கியதோ 2022 மார்ச் 27-ஆம் தேதிதான். போன வழி அடைபட்டுப் போகக்கூடும் என்பதை மனத்தில் வைத்தே மருந்தையும் பணத்தையும் கணக்கிட வேண்டும் என்பது அத்துறைமுகம் நமக்குக் கற்பித்த பாடம்.

புறப்படுமுன் உடலின் நிலை

பயணத் தேதிக்கு ஆறு வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் சென்று, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்வதுடன், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருக்கும் பல்வலியையும் தீர்த்துக்கொள்வது உத்தமம். ஏனெனில் ஊரில் சாதாரணமாகத் தோன்றும் சொத்தைப் பல், ஆஸ்பத்திரிகள் தொற்று நோயாளிகளால் நிரம்பியிருக்கும் அயல்நாட்டில் பெரும் உபாதையாகிவிடும்.

தடுப்பூசியிலும் காலக்கணக்கு உண்டு. 2021-இல் கோவிஷீல்டின் இரண்டாம் தவணைக்கு நம் நாட்டில் 84 நாட்கள் காத்திருக்க வேண்டியிருந்தபோது, கல்விக்கும் வேலைக்கும் வெளிநாடு செல்வோர் 28 நாட்களுக்குப் பின் போட்டுக்கொள்ளலாம் என்று அரசு விலக்கு அளித்தது. கோவாக்சினுக்கோ உலக சுகாதார நிறுவனத்தின் அவசரகால அங்கீகாரம் அவ்வாண்டு நவம்பர் 3-ஆம் தேதிதான் கிட்டியது. ஆகையால் ஊசி போட்டாயிற்று என்ற திருப்தியோடு நின்றுவிடாமல், செல்லும் நாடு அதை ஏற்கிறதா, சான்றிதழிலுள்ள பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் உள்ள ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளுக்குச் செல்வோர், அதற்குரிய ஊசியைப் பயணத்திற்கு 10 நாட்களுக்கு முன்னதாகவே போட்டுக்கொள்ள வேண்டும். சென்னைக் கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் அது போடப்படுகிறது.

பரிசோதனைச் சான்று 72 மணி நேரத்திற்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்ற விதியிருந்தால், மாதிரி எடுத்த நேரத்திலிருந்து எண்ணுவதே பொதுவான வழக்கம். சனிக்கிழமை இரவு 10 மணிக்கு விமானமென்றால், புதன்கிழமை காலையில் கொடுத்த மாதிரி செல்லாது. வியாழக்கிழமை காலையில் கொடுத்தது செல்லும்.

மருந்துப் பை

நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகளை, தங்கும் காலத்திற்குப் போக மேலும் ஒரு மாதத்திற்காவது, அந்நாடு அனுமதிக்கும் அளவுக்கு உட்பட்டு, கடைச்சீட்டோடும் மருத்துவரின் குறிப்போடும் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் வைத்தால் உறைந்து வீணாகக்கூடும். நம் ஊர்க் கடையில் டோலோ என்று கேட்டு வாங்குவது அங்கே கிடைக்காது; பாராசிட்டமால் என்ற மூலப்பெயரைக் குறிப்பில் எழுதிவாங்கிக்கொள்வது நலம்.

வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்தும் டிரமடால் என்னும் வலிநிவாரணியும் அங்கே கடுமையான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. முன்னனுமதியின்றிக் கொண்டு செல்வோர் சிறைப்படவும் நேரலாம். பிள்ளை மேலுள்ள பிரியத்தால் தாயார் மசாலாப் பொருள்களோடு முடிந்து வைக்கும் கசகசாகூட ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் தடைசெய்யப்பட்ட வஸ்து. கபசுரக் குடிநீர்ச் சூரணத்தை விரும்பி எடுத்துச் செல்வோர், பெயரும் உட்பொருளும் அச்சிட்ட உறையோடு கொண்டு செல்வார்களாக. தடுப்பூசிக்கோ சிகிச்சைக்கோ அது மாற்றாகாது.

வழிப்பயணத்தில்

விமான நிலையத்து வரிசையிலும் பேருந்திலும் மூக்கையும் வாயையும் நன்கு மூடிய முகக்கவசம் இருக்கட்டும். உண்பதற்காக அதைக் கழற்றுவதாயின், பக்கத்தில் இருப்பவர் உண்டு முடித்துக் கவசம் அணிந்த பின் கழற்றுவது விவேகம். நெடுநேரம் அமர்ந்திருந்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு. ஆகவே அவ்வப்போது எழுந்து நடப்பதும், கணுக்காலை அசைப்பதும், தண்ணீர் பருகுவதும் அவசியம்.

தனியறையில் நோயுற்றால்

நெற்றியில் வைத்துப் பார்க்கும் தாயின் கைக்கு ஈடாக வெப்பமானியும், விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுமானியும் உடனிருக்கட்டும். கையைத் துடைத்து, நகச்சாயமோ மருதாணியோ இல்லாத விரலில் மாட்டி, அசையாது ஒரு நிமிஷம் அமர்ந்து பார்க்கும்போது அளவு 94-க்குக் கீழே இறங்கினாலும், மூச்சுத் திணறினாலும், மார்பில் அழுத்தம் தோன்றினாலும், விடியட்டும் என்று பொறுத்திராமல் அந்நாட்டின் அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

உடல் உபாதையைக் காட்டிலும் ஏகாந்தமே சிலரை அதிகம் வாட்டும். ஆதலால், தினந்தோறும் ஒரே வேளையில் வீட்டுக்குப் பேசும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்திக்கொண்டால், ஒருநாள் அழைப்பு வராதபோது வீட்டார் உடனே விசாரிக்க முற்படுவர். அவர்கள் விசாரிப்பதற்கு அவ்வூரில் உள்ள ஒருவரின் எண்ணையும், இந்தியத் தூதரகத்தின் எண்ணையும் முன்னமே கொடுத்திருக்க வேண்டும். காப்பீடு எடுக்கும்போது, பெருந்தொற்றுக்கான சிகிச்சையும் தனிமைப்படுத்தும் செலவும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது நன்று.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை

தூரதேசம் செல்லும் மக்களுக்குச் சங்கரன்கோவில் கோமதியம்மன் சந்நிதியிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து முடிந்து கொடுக்கும் தாய்மார்கள் நம் பக்கத்தில் இன்றும் உண்டு. அந்த அன்போடு, பிள்ளையின் இரத்தவகை, உண்ணும் மருந்துகள், ஒவ்வாத மருந்துகள், போட்ட தடுப்பூசிகள், வீட்டுத் தொலைபேசி எண் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாளையும் பாஸ்போர்ட்டுக்குள் வைத்து அனுப்புங்கள். பேசமுடியாத நிலையில் உங்கள் பிள்ளை ஓர் அந்நிய ஆஸ்பத்திரியின் வாசலில் கிடத்தப்படும்போது, அவனுக்காக மருத்துவரிடம் பேசுவது அந்தத் தாள் ஒன்றே.