உண்மை பேசும் ஒலிபெருக்கி

மாசி மாதத்தில் மலைநாட்டுத் தோட்டங்களிலே காமன் கூத்து நடைபெறும். பனியில் தளர்ந்த தப்பின் தோலை நெருப்பிலே காய்ச்சி, முறுக்கேற்றி அடிக்கும் அடி எதிர்மலையில் மோதித் திரும்பும். இத்தோட்டங்களின் நாட்டுப் பாடல்களைத் திரட்டி ஏட்டில் ஏற்றியவர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அவர்கள். அவரால் சொற்கள் நிலைத்தன. ஆயினும், பாடிய மூதாட்டியின் குரல் நடுக்கமும் தப்பின் அதிர்வும் ஏட்டில் அடங்குவன அல்ல. அவற்றைக் காக்க ஒலிப்பதிவே வழி.

இன்று ஒரு கணினியும் நல்லதொரு மைக்கும் இருந்தால், ஹட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள சிற்றறையும் ஒலிப்பதிவுக் கூடமாகிவிடும். பதிந்தவற்றைச் செவிமடுத்துக் கலந்து சீராக்குதற்கு எந்த ஒலிபெருக்கியை வாங்குவது? இம்முயற்சியில் இறங்கும் இளைஞர் முன் எழும் கேள்வி இது.

“இனிமையாக ஒலிப்பதை வாங்கு” என்பர் பலர். பிழை அங்கேதான் தொடங்குகிறது. வீட்டுக்கென்று செய்யப்பட்ட பல ஒலிபெருக்கிகள் தாழ்ந்த ஒலியைப் பருக்கச் செய்து, உச்ச ஒலியை மினுக்கிக் காட்டும். அதை நம்பியவர், “தப்பொலி மிகுந்துவிட்டதே” என்று அதனைக் குறைத்துவிடுவார். அப்பதிவு வேறொரு வீட்டில் ஒலிக்கும்போது, தப்பு தகரத்தைத் தட்டியதுபோல் இளைத்துக் கேட்கும். ஒலிபெருக்கி சொன்ன பொய் பதிவிலே தலைகீழாகப் படிந்துவிடுகிறது. பாடிய மூதாட்டி மறைந்தபின் மீண்டும் பாடச் சொல்லி யாரைக் கேட்பது?

1978இல் யமஹா நிறுவனம் என்.எஸ்.10 என்னும் சிறு ஒலிபெருக்கியை வீட்டு உபயோகத்திற்கென வெளியிட்டது. இனிமைக்காக அதை எவரும் புகழவில்லை. எனினும், பதிவின் குறைகளை ஒளிக்காது காட்டியமையால், அதன் வெண்ணிறக் கூம்பு உலகெங்கும் ஒலிப்பதிவுக் கூடங்களில் இடம்பெற்றது. 2001இல் உற்பத்தி நின்றபின்னும் அதன் மதிப்புக் குன்றவில்லை. பிபிசி நிறுவனத்தார் 1970களில் உருவாக்கிய எல்.எஸ்.3/5ஏ, வெளிக்கள ஒலிபரப்பு வாகனத்தின் சிற்றிடத்திற்கென்றே பிறந்தது. இடத்துக்கு ஏற்ற அளவு வேண்டும் என்பதற்கு அது சான்று.

இனி நம் இடத்தைப் பார்ப்போம். பழைய லயத்து அறைகள் பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. அந்த 12 அடிச் சுவர்களிடையே வினாடிக்கு ஏறக்குறைய 47 அதிர்வுள்ள ஒலியின் பாதி அலை சரியாக அடங்கும். 10 அடியில் 56 அதிர்வுள்ளது அடங்கும். இவ்வொலிகள் சுவரோரத்தில் பெருகி, அறையின் நடுவிலே ஏறத்தாழ மறைந்துவிடும். ஆகவே ஒலிபெருக்கியை மூலையில் வைத்தலும் ஆகாது. நட்டநடுவில் அமர்ந்து கேட்டலும் ஆகாது. இத்தகைய அறைக்கு 5 அங்குலக் கூம்பு போதும். 8 அங்குலக் கூம்பு தாழ்ந்த ஒலியை மேலும் கலக்கிவிடும். இரு ஒலிபெருக்கிகளும் கேட்பவர் தலையும் ஏறக்குறைய ஒரு மீற்றர் இடைவெளியில் சமபக்க முக்கோணமாக அமைதல் வேண்டும். உச்ச ஒலி தரும் சிறு கூம்பு செவி மட்டத்தில் இருத்தல் நன்று. சுவரில் தொங்கவிட்ட தடித்த கம்பளி மேலொலியின் எதிரொலிப்பைத் தணிக்கும். தாழ்ந்த ஒலியை அடக்க அது போதாது.

வாங்கும்போது, நன்கு பழகிய பாடல்களைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். எல்லா ஒலிபெருக்கிகளையும் ஒரே உரப்பில் ஒலிக்கச் செய்யுங்கள். உரத்து ஒலிப்பதே உயர்ந்தது என்று செவி மயங்கும். மெல்ல ஒலிக்கையில் தாழ்ந்த ஒலி நம் செவிக்குக் குறைந்தே கேட்கும் என்பதை 1933இலேயே பிளெச்சர், மன்சன் இருவரும் அளந்து காட்டினர். ஆதலால் மிதமான உரப்பிலும் மெல்லிய உரப்பிலும் மாறி மாறிக் கேட்டல் வேண்டும். முடிவில் சிறு வானொலிப் பெட்டியிலும் கைத்தொலைபேசியிலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பாட்டு மக்களைச் சென்றடைவது அவற்றின் வழியேதான். தகரக் கூரையில் மழை கொட்டும் வேளையிலோ எந்த ஒலிபெருக்கியும் உண்மை பேசாது. மழை விடும்வரை தேநீர் அருந்தியிருப்பதே விவேகம்!

கடைசியில் ஒரு சோதனை உண்டு. பாடிய மூதாட்டியையே எதிரில் அமர்த்திப் பதிவைக் கேட்கச் செய்யுங்கள். “இது என் குரல்தான்” என்று அவர் தலையசைப்பாராயின், நீங்கள் வாங்கிய ஒலிபெருக்கி நல்லதே.