ஆனையிறவு உப்பும் அயன் சேர்வைகளின் பங்கீட்டுவலு இயல்பும்

அயன் பிணைப்பையும் பங்கீட்டுவலுப் பிணைப்பையும் ஒன்றுக்கொன்று புறம்பான இரு வகைகளாகவே நாம் பாடசாலையில் மனனஞ் செய்தோம். இப்பாகுபாடு எத்துணை பொருந்தும் என்பதைக் கிளிநொச்சி மாவட்டத்து ஆனையிறவு உப்பளத்தைக் கொண்டே ஆராயலாம்.

பாத்திகளில் உப்புநீர் வற்றும்போது சோடியம் குளோரைட்டு பளிங்காகின்றது; எஞ்சும் கசப்பு நீரில் மகனீசியம் குளோரைட்டு செறிகின்றது. இப்பிரிகை கரைதிறனால் நிகழ்வது. எனினும் பிணைப்பை ஒப்பிடவும் இவ்விரு சேர்வைகள் வாய்ப்பானவை. இரண்டிலும் எதிரேற்ற அனயன் குளோரைட்டே. வேறுபடுவது நேரேற்றக் கற்றயன்.

1923இல் பயான்சு வகுத்த விதிகளின்படி, கற்றயன் சிறிதாகவும் ஏற்றம் மிக்கதாகவும் இருப்பின், அனயனின் இலத்திரன் முகிலைத் தன்பால் இழுத்துத் திரிக்கும். அனயன் பெரிதாயின் அத்திரிபு எளிதாகும். திரிபு மிக, பங்கீட்டுவலு இயல்பும் மிகும்.

சோடியம், மகனீசியம், அலுமினியம் என்னும் வரிசையில் அயனின் ஏற்றம் ஒன்றிலிருந்து மூன்றாக உயர்கிறது, ஆரை குறுகுகிறது. சோடியம் குளோரைட்டு 801 பாகை செல்சியசிலும், நீரற்ற மகனீசியம் குளோரைட்டு 714 பாகையிலும் உருகும். அலுமினியம் குளோரைட்டோ ஏறத்தாழ 180 பாகையிலேயே பதங்கமாகும். ஆயினும் உருகுநிலை மட்டும் சான்றாகாது. மகனீசியம் ஒட்சைட்டு 2800 பாகைக்கும் மேல் உருகுகிறது. ஏற்றம் மிகுந்தால் சாலகசக்தியும் மிகும் என்பதே காரணம். எனவே பளிங்கமைப்பையும் உடன் நோக்கல் வேண்டும்.

அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் என்னும் இயக்கவியல் விதியை இங்குக் காண்கிறோம். தூய அயன் சேர்வை ஓர் எல்லைக் கருத்தே. உப்பளத்தில் உழைப்போரின் பிள்ளைகளுக்கு வகைப் பெயர்களை மட்டுமன்றி இவ்வியக்கத்தையும் கற்பிப்பதே விஞ்ஞானக் கல்வியாகும்.